கணினித் திரையும் மெய்யெழுத்தின் புள்ளியும்

தமிழ் நெடுங்கணக்கில் மெய்யெழுத்தை உயிர்மெய்யினின்றும் வேறுபடுத்திக் காட்டுவது தலைமேல் இடப்படும் ஒரு சிறு புள்ளியேயாம். 'பல்' என்பதன் இறுதிப் புள்ளி மறையின் அது 'பல' ஆகிவிடும். வாயிலுள்ள ஓர் உறுப்பின் பெயர் பன்மை உணர்த்துஞ் சொல்லாக மாறிவிடும். தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளியை விதித்ததோடு அமையாது எகர ஒகரக் குறில்களுக்கும் அதனை விதித்தது. ஆயினும் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதியோர், ஓலை பொத்தலாகுமென அஞ்சிப் புள்ளியை இடாதே விட்டனர். ஆதலின் ஏடு படிப்போர் எது மெய், எது உயிர்மெய், எது குறில், எது நெடில் என்பதனைப் பொருளை நோக்கி உய்த்துணர வேண்டியவராயினர். சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர் பட்ட பாட்டில் ஒரு பகுதி இப் புள்ளியின்மையால் விளைந்தது. அச்சு வந்தபின் அவ்விடர் நீங்கிற்று.

நீங்கிய அவ்விடர் இக்காலத்துக் கணினித் திரையில் வேறொரு வடிவில் மீண்டும் தோன்றுதலுண்டு. நுவரெலியா மாவட்டத்தில் தலவாக்கலையை அடுத்துள்ள லிந்துலையைச் சூழ்ந்த தோட்டங்களிலே அமைந்த பாடசாலை ஒன்றின் கணினியறையை எண்ணிப் பார்க்கலாம். அங்குள்ள கணினிகளுள் அரசு வழங்கியவையும் உள. பழைய மாணவரும் பிற அன்பரும் தாம் பயன்படுத்தி முடித்தபின் அன்பளிப்பாகக் கொடுத்தவையும் உள. ஓரிடத்திலிருந்து வந்த கணினிப் பெட்டி பிறிதோரிடத்திலிருந்து வந்த திரையோடு, மூன்றாவதோரிடத்திற் கிடைத்த வடத்தினாற் பிணைக்கப்படும். மின்விசையை அழுத்தியதும் திரை ஒளிரும். எழுத்துக்களுந் தோன்றும். ஆனால் அவை பக்கவாட்டிற் பருத்து, விளிம்பு கலங்கி, மூடுபனிக்குள் நின்ற மரம்போற் காட்சியளிக்கும். 'எடு' என்பதை 'ஏடு' என்று மாணவன் படிப்பான், ஆசிரியர் அதட்டுவார். சில நாளில் அத் திரை பழுதென்று ஒதுக்கப்படும். அன்றேல் அம் மாணவனுடைய கண் பழுதென்று கருதப்படும். இரண்டும் பழுதன்று என்பதே ஈண்டு விளக்கப்படும் பொருள். திரையின் அளவையும் அது துடிக்கும் வேகத்தையும் கணினி அறியாதிருப்பதொன்றே அங்குள்ள குறை. அவ்விரண்டினையும் மனிதர் தம் கையாற் குறித்துக் கொடுத்தல் கூடும்.

முதலில் அளவு என்பது யாதெனக் காண்க. இக்காலத் தட்டைத் திரை, பிக்சல் எனப்படும் நுண்ணிய ஒளிச்சதுரங்களாலாயது. அச் சதுரங்கள் தொழிற்சாலையிலேயே எண்ணி அமைக்கப்பட்டவை. பின்னர் அவற்றைக் கூட்டவோ குறைக்கவோ ஒருவராலும் இயலாது. பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் நெடுங்காலம் பெருவழக்காயிருந்த சிறு திரை, அகலத்தில் 1366 சதுரங்களும் உயரத்தில் 768 சதுரங்களும் கொண்டது. இதனினும் பெரிதும் இன்று மிகுதியாகக் கிடைப்பதுமான திரை 1920-க்கு 1080 என்னும் அளவினது. இவ்வெண்ணிக்கையே அத்திரையின் இயற்கைப் பிரிதிறன். பழைய குழாய்த் திரைக்கு இத்தகைய கண்டிப்பான இயற்கை அளவு இல்லை. அதன்கண் மின்னணுக் கற்றையொன்று கண்ணாடியின் உட்புறத்தைத் தடவிச் சென்றமையால், 640 ஆயினும் 1024 ஆயினும் ஏறக்குறைய ஒத்த தெளிவோடு அது காட்டியது. குழாய்த் திரையிற் பழகியோர் தட்டைத் திரையையும் அவ்வாறே கருதி, 'எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும்' என்று பிரிதிறனைக் குறைத்துவிடும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. எழுத்துப் பெரிதாக வேண்டின் எழுத்தின் அளவைப் பெருக்குக; திரையின் அளவைக் குறைத்தல் நோய்க்கு மருந்தாகாது.

குறைத்தால் நேர்வது யாது? 1366 சதுரமுடைய திரைக்குக் கணினி 1024 சதுரத்துக்கான படத்தை அனுப்புகின்றது எனக் கொள்க. உயரம் இரண்டிலும் 768 ஆதலின் மேல்கீழாக மாற்றமில்லை. அகலத்திலோ மூன்று சதுரத்துக்குரிய செய்தியை நான்கு சதுரத்தில் நிரவ வேண்டியதாகின்றது. மூன்று பேருக்குச் சமைத்த சோற்றை நால்வருக்குப் பகிர்வதுபோல ஒவ்வொரு சதுரமும் அயற்சதுரத்திற் சிறிது கடன் வாங்குகின்றது. கருமையும் வெண்மையுமாகத் தெளிவாக நிற்கவேண்டிய கோடு இரு சதுரங்களிற் சாம்பல் நிறமாகப் படிகின்றது. ஆங்கில எழுத்துக்கு இதனால் வருங் கேடு சிறிது; அதன் கோடுகள் பெரும்பாலும் நிமிர்ந்தும் எளிமையாகவும் உள்ளன. தமிழ் எழுத்தோ வளைவும் சுழியும் மிக்கது. சிறிய எழுத்தில் மெய்யின் புள்ளி இரண்டு மூன்று சதுரங்களுக்குள் அடங்குவது. ஏகாரத்தை எகரத்தினின்று பிரிக்குஞ் சாய்கோடும், ஓகாரத்தின் சுழியும் அத்தன்மையனவே. ணகரத்தின் சுழிகளுக்கும் னகரத்தின் சுழிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு வளைவு மாத்திரமே. கலங்கிய திரையில் முதலில் அழிபவை இவைதாம்.

இன்னுமொன்று ஈண்டு நோக்கற்பாலது. ஒவ்வொரு சதுரமும் உண்மையிற் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று கீற்றுக்களாலானது. 2001-ஆம் ஆண்டின் விண்டோஸ் எக்ஸ்பி முதலாகக் கிளியர்டைப் என்னும் முறை, இக் கீற்றுக்களைத் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தின் வளைவுகளை மென்மையாக்குகின்றது. திரையின் இயற்கை அளவிலேயே படம் சென்றாலன்றி இம்முறை பயன் தராது. அளவு பிசகியவிடத்து எழுத்தின் இருமருங்கும் செந்நிறமும் நீலமுமாகக் கறை படிந்தாற்போலத் தோன்றும்.

கணினி ஏன் திரையின் அளவை அறியாதுபோயிற்று என்பது அடுத்துவரும் வினா. 1987-ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் வீஜீஏ என்னும் இணைப்பை அறிமுகப்படுத்தியபோது, திரை தன்னைப் பற்றி விரிவாகக் கணினிக்கு எடுத்துரைக்கும் வழி அமையவில்லை. 1994-ஆம் ஆண்டில் வெசா என்னுந் தரநிருணய அமைப்பு அதற்கோர் ஏற்பாடு செய்தது. ஈடிஐடி எனப்படும் 128 பைட்டு அளவிலான ஒரு சிறு குறிப்பு திரையினுள்ளே பொறிக்கப்பட்டது. ஆக்கியோன் பெயர்க்குறி, திரையின் நீள அகலம் சென்ரிமீற்றரில், அது விரும்பும் பிரிதிறன், ஏற்கக்கூடிய பிற பிரிதிறன்கள் ஆகியன அதன்கண் அடங்கும். கடைசிப் பைட்டு ஒரு சோதனை எண். 128 பைட்டுக்களையுங் கூட்டினால் 256-இன் மடங்காக வரவேண்டும், வராவிடிற் குறிப்புப் பழுதுற்றதென்று கணினி அதனைத் தள்ளிவிடும். வீட்டுக்கு வருவோர் கையிற் கொணரும் அறிமுகக் கடிதம் போன்றது இக் குறிப்பு எனலாம்.

இக் கடிதம் வீஜீஏ வடத்தின் பதினைந்து ஊசிகளுள் 12-ஆவதும் 15-ஆவதுமாகிய இரண்டின் வழியே செல்கின்றது. படமோ வேறு ஊசிகளின் வழியே செல்கின்றது. ஆதலின் 12-ஆவது ஊசி வளைந்தோ முறிந்தோ போயினும் படம் தடையின்றித் தோன்றும். கடிதம் மாத்திரம் வந்து சேராது. மலிவான வடங்கள் சிலவற்றில் அவ்விரு கம்பிகளும் தொடக்கத்திலேயே இடப்படுவதில்லை. ஒரு கணினியின் படத்தை இரு திரைக்குப் பிரித்துக் கொடுக்கும் சிறு பெட்டிகளும் கடிதத்தைப் பல வேளைகளில் இடையே மறித்துவிடும். கடிதம் வராத கணினி, எவர்க்கும் தீங்கில்லாத 1024-க்கு 768 என்னும் அளவையோ அதனினுங் குறைந்ததையோ தானே தேர்ந்துகொள்கின்றது. இதுவே லிந்துலையிலும் பிறவிடத்தும் காணப்படும் கலங்கல் எழுத்தின் பிறப்பிடம். எனவே வேறெதனையுஞ் செய்யுமுன் வடத்தைக் கழற்றி ஊசிகளை வெளிச்சத்திற் பார்த்தல் வேண்டும். வேறொரு நல்ல வடத்தை மாற்றிய அளவிலேயே குறை தீர்ந்துவிடுதலும் உண்டு. அங்ஙனந் தீரின் இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி அவ்வறைக்கு வேண்டுவதில்லை.

தீராவிடின், கடிதத்திற் கூறப்பட்டிருக்க வேண்டியவற்றை மனிதர் தாமே கணினிக்குக் கூறவேண்டும். அவ்வாறு கூறுதற்கு 1366, 768 என்னும் இரண்டெண் மாத்திரம் போதா. ஏன் போதா என்பதை விளங்குதற்குத் தேயிலை மலையினும் சிறந்த உவமை கிடைத்தல் அரிது. கொழுந்து பறிப்போர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை உண்டு. தோட்டப் பேச்சில் அது 'நெரை' என வழங்கும் பழந்தமிழ்ச் சொல்லேயாம். ஒரே பெண் ஒரு மலை முழுவதையும் தனியே பறிப்பதாக வைத்துக்கொள்க. அவள் மேல் நிரையின் இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை பறித்துச் செல்வாள். பின்னர்க் கூடையோடு மீண்டும் இடக்கோடிக்கு நடந்து வந்து அடுத்த நிரையைத் தொடங்குவாள். நடந்து மீளும் வேளையிற் கொழுந்து கூடையில் விழாது. நேரம் மாத்திரஞ் செலவாகும். கடைசி நிரை முடிந்ததும் மலையடியிலிருந்து உச்சிக்கு ஏறவேண்டும். அதற்கும் நேரஞ் செலவாகும். ஏறிய பின் முதல் நிரையில் மறுபடியுந் தொடங்குவாள்.

குழாய்த் திரையின் மின்னணுக் கற்றை இப்பெண்ணைப் போன்றதே. வரிவரியாக இடமிருந்து வலமாகச் சென்று, ஒவ்வொரு வரியின் முடிவிலும் இருளோடு மீண்டு, கடைவரி முடிந்ததும் மேலே தாவிற்று. தட்டைத் திரையிற் கற்றை இல்லை. மீளவேண்டிய தேவையும் இல்லை. ஆயினும் செய்தி அனுப்பும் முறை மாத்திரம் பழைய நடையையே பின்பற்றுகின்றது. 1366-க்கு 768 என்னும் அளவுக்கு வெசா வகுத்த முறைப்படி ஒரு வரிக்கு 1366 சதுரங்களோடு மீளும் நேரமாக 426 சதுரங்களின் காலமுஞ் சேர்ந்து மொத்தம் 1792 ஆகின்றது. வரிகளும் 768 அல்ல. மேலே ஏறும் நேரமாகிய 30 வரிகளுஞ் சேர்ந்து 798. ஆகவே ஒரு முழுப் படத்துக்கு 1792-ஐ 798-ஆற் பெருக்கிவரும் 14,30,016 சதுரக் காலங்கள் வேண்டும். வினாடிக்கு எட்டுக்கோடியே ஐம்பத்தைந்து இலட்சம் சதுரங்களை, அஃதாவது 85.5 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் அனுப்பின், வினாடிக்கு 59.79 முறை படம் புதுப்பிக்கப்படும். நடைமுறையில் இதனையே 60 என்பர். இவ்வெண்ணே புதுப்பிப்பு வீதம். பறிப்பவள் வினாடிக்கு எத்தனை சுற்று மலையைச் சுற்றினாள் என்பதன் கணக்கு.

மீளும் நேரமாகிய 426-உம் ஒருசீரானதன்று. வரி முடிந்ததும் 70 சதுரக் காலம் ஓய்வு. பின் 143 சதுரக் காலம் 'அடுத்த வரி' என்னும் அறிவிப்பு. அதன்பின் 213 சதுரக் காலம் மறுபடி ஓய்வு. பொறியியலார் இவ்விரு ஓய்வுகளையும் வீட்டின் முன்புறத் தாழ்வாரம், பின்புறத் தாழ்வாரம் என்னும் பொருள்படும் சொற்களாற் குறிப்பர். தமிழில் முன்திண்ணை, பின்திண்ணை என்றால் அழகாகப் பொருந்தும் போலும். உள்ளே நுழையுமுன் சற்று அமர்தற்கும் வெளியே சென்றபின் சற்று இளைப்பாறுதற்கும் திண்ணை அன்றி வேறெது? மேல்கீழாக இவை முறையே 3, 3, 24 வரிகள். திரையை வேண்டியவாறு அமைக்கும் கலை முழுவதும் இச் சில எண்களைப் பிழையின்றி எழுதுவதிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

தட்டைத் திரைக்கு இத்துணை நீண்ட ஓய்வு வேண்டாமையால், 2003-ஆம் ஆண்டளவில் ஓய்வைக் குறைத்த வேறொரு கணக்கும் வகுக்கப்பட்டது. 1920-க்கு 1080 திரையை 60 சுற்றில் இயக்க வழக்கமான கணக்கில் 148.5 மெகாஹேர்ட்ஸ் வேண்டும். ஓய்வு குறைத்த கணக்கில் 138.5 போதும். வேகமான வழி இல்லாத பழைய கணினிக்கு இச் சிக்கனம் சில வேளைகளில் உதவும்.

1366 என்னும் எண் தனக்கென ஒரு தொல்லையையும் உடன்கொண்டு வந்தது. இத் துறையிற் பெரும்பாலான அளவுகள் எட்டின் மடங்கானவை. 640, 800, 1024, 1280, 1920 யாவும் அவ்வாறே. 1366-ஐ எட்டால் வகுத்தால் மீதி ஆறு நிற்கும். ஈடிஐடி குறிப்பிலுள்ள சுருக்கப் பட்டியல் எட்டின் மடங்கையன்றிப் பிறவற்றை எழுதவியலாதவாறு அமைந்தது. 1366-ஐ அதன் விரிவான பகுதியிலேதான் எழுதமுடியும். கணக்கிட்டுத் தரும் மென்பொருளிடம் 1366 என்று கேட்டாலும் அது 1368 என்று திருத்திக் கொடுக்கும். அல்லது கணினி தன் பட்டியலில் 1360 என்று காட்டும். ஒன்றில் இரண்டு மிகை. மற்றொன்றில் ஆறு குறை. ஆறுதானே என்று விட்டால், திரை அவ்வாறினை அகல முழுவதும் நிரவித் தருதலால் ஒருசில இடங்களில் எழுத்துத் தெளிவாகவும் வேறுசில இடங்களிற் கலங்கியும் பட்டைபட்டையாகத் தோன்றும். ஒரே வரியிற் பாதிச் சொற்கள் தெளிவாக, மீதி மங்கியிருத்தலைக் கண்டால் இக்காரணத்தையே முதலில் ஐயுறுக. சில பழைய கிராபிக்ஸ் அட்டைகள் எட்டின் மடங்கல்லாத அகலத்தை முற்றாக மறுக்கும். அவற்றுக்கு 1360 கொடுத்து, இருமருங்கும் மும்மூன்று சதுரம் கறுப்பாக விடும் திரையாயின் எழுத்துத் தெளிவாகும்.

வீஜீஏ வழியில் இன்னொரு நுட்பமும் உண்டு. அவ்வழியே செல்லும் படம் எண்ணாகச் செல்வதன்று, அலையாகச் செல்வது. திரை வரிகளை எண்ணவல்லது. வரி எத்துணை விரைவாக வருகின்றது என்பதையும் அளக்கவல்லது. ஒரு வரியில் எத்தனை சதுரம் உள்ளதென்பதை அலையைக் கொண்டு நேரே அறிய அதற்கு வழியில்லை. 768 வரியைக் கண்டதும் அது 1024-க்குரியதோ, 1280-க்குரியதோ, 1366-க்குரியதோ என்று தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு ஊகிக்கின்றது. மேலே தரப்பட்ட எண்களை உள்ளவாறே கொடுப்பது இவ்வூகத்தைச் சரியாக்குதற்காகவே. கொடுத்த பின்னும் படம் சிறிது ஒருபுறம் ஒதுங்கி நிற்பின் திரையின் கீழேயுள்ள 'ஆட்டோ' என்னும் பொத்தானை ஒருமுறை அழுத்துக. அழுத்தும்போது திரை முழுவதும் எழுத்து நிறைந்த பக்கமொன்று திறந்திருத்தல் நன்று. வெறுந்திரையில் விளிம்பு எங்குள்ளது என்பதை அப்பொத்தான் கண்டுகொள்ளமாட்டாது. எச்டிஎம்ஐ வடத்திற் படம் எண்ணாகவே செல்லுதலால் இத்தொல்லை இல்லை.

இனித் துடிப்பைப் பற்றிச் சில. இலங்கையின் மின்னோட்டம் வினாடிக்கு 50 முழு அலைவுகளை உடையது. லிந்துலைக்கு அண்மையிலே தலவாக்கலையில் அணை கட்டி 2012-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்னிலையத்தின் சுழலிகளும் அந்த ஐம்பதுக்கு இசைந்தே சுழல்வன. தொலைக்காட்சியும் அதனோடு இயைந்தது. 1982-ஆம் ஆண்டு பெப்ரவரியில் யப்பானின் உதவியோடு ரூபவாகினி தொடங்கி, நாட்டின் மிகவுயர்ந்த பிதுருதலாகல மலையிலிருந்து ஒளிபரப்பியபோது, யப்பானின் முறையை விடுத்து, 625 வரியும் வினாடிக்கு 50 அரைப்படமும் கொண்ட பால் முறையையே கைக்கொண்டது. முதலில் ஒற்றை வரிகளும் பின்னர் இரட்டை வரிகளுமாக இரண்டு அரைப்படம் சேர்ந்து ஒரு முழுப்படம், வினாடிக்கு 25 படம், 15,625 வரி. கணினியோ அமெரிக்காவிற் பிறந்தமையால் 60-ஐத் தன் இயல்பாகக் கொண்டது.

இவ்வேற்றுமை குழாய்த் திரைக் காலத்திற் கண்ணைப் பெரிதும் வருத்திற்று. அத்திரையின் ஒளி உடனுக்குடன் மங்குவதாகையால் வினாடிக்கு 60 சுற்று என்பது பலர்க்கும் நடுக்கமாகவே புலப்பட்டது. அண்மையில் மின்மாற்றியோ வேறு மின்கருவியோ இருப்பின் 50-க்கும் 60-க்கும் இடையேயுள்ள பத்தும் படத்தை அலைத்தது. வல்லோர் புதுப்பிப்பு வீதத்தை 75-க்கோ 85-க்கோ உயர்த்தி வைத்தனர். தட்டைத் திரை ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை ஒரேயளவாகத் தாங்கி நிற்றலின் அதற்கு 60 போதும். குழாய்த் திரை நாளிற் கேட்ட அறிவுரையை நம்பித் தட்டைத் திரைக்கும் 75 கொடுப்போர் சிலர் உளர். திரை ஏற்பின் தீங்கில்லை. எழுத்துத் தெளிவு அதனால் மிகுவதுமில்லை. சில திரைகள் 75-ஐ ஏற்பதுபோற் காட்டி உள்ளே சில படங்களை விழுங்கிவிடும்.

ஆனால் 60-ஐ விடுத்து வேறு வீதத்தை நாடுதற்குத் தக்க காரணம் ஒன்றுண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் 2020-ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் தொலைக்காட்சி வழியாகவும் ஒளிபரப்பாயின. வினாடிக்கு 25 படமாக எடுக்கப்பட்ட இத்தகைய பாடங்களின் பதிவை 60 சுற்றுத் திரையிற் காட்டும்போது சில படங்கள் இருமுறையும் வேறுசில மும்முறையுமாகத் தோன்றும். சீரற்ற இந்நடையால் அசைவு தத்தித் தத்திச் செல்லும். திரையின் அடியில் ஓடும் எழுத்துவரியைப் படிக்க முயல்வோர் இதனை நன்கறிவர். திரை 50-ஐ ஏற்குமாயின் ஒவ்வொரு படமும் சரியாக இருமுறை தோன்றி ஓட்டம் சீராகும். அதற்குரிய கணக்கும் எளிதே: 14,30,016-ஐ 50-ஆற் பெருக்க ஏறக்குறைய 71.5 மெகாஹேர்ட்ஸ். ஆயின் பல திரைகள் 56-க்குக் கீழ்ப்பட்ட வீதத்தை ஏற்பதில்லை. ஒவ்வொரு திரையும் ஏற்கும் எல்லைகள் அதன் கைந்நூலில் இரண்டு வரியில் தரப்பட்டிருக்கும்: நிலைக்குத்தாக இத்தனை ஹேர்ட்ஸ் முதல் இத்தனை வரை, கிடையாக இத்தனை கிலோஹேர்ட்ஸ் முதல் இத்தனை வரை. முன்னையது சுற்றின் வேகம். பின்னையது நிரையின் வேகம். 1366 திரைக்கு 60 சுற்றில் நிரையின் வேகம் 47.7 கிலோஹேர்ட்ஸ் ஆகும்.

எல்லையை மீறினால் என்னாகும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் ஒருகாலத்தில் நியாயமானதே. 1990-களில் லினக்சில் எக்ஸ்ஃப்ரீ86 என்னும் மென்பொருளுக்கு இவ்வெண்களைக் கையால் எழுதியோரை, தவறான எண் குழாய்த் திரையைப் பாழாக்கக்கூடுமென்று அதன் வழிகாட்டிகள் எச்சரித்தன. பின்வந்த திரைகள் தம் எல்லைக்கு அப்பாற்பட்டதைக் கண்டால் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று ஒரு வரி காட்டிவிட்டு இருண்டுவிடும். விண்டோஸ் புதிய அமைப்பை ஏற்றபின் பதினைந்து வினாடி காத்திருக்கும். எவரும் ஒப்புதல் தராவிடில் தானே பழைய நிலைக்கு மீளும். ஆதலின் திரை இருண்டவுடன் பதறி விசைகளைத் தட்டுதல் கூடாது. ஒப்புதற்குரிய விசையே தவறுதலாக அழுத்தப்படலாம்.

செய்முறை கணினிக்குக் கணினி சிறிது வேறுபடும். விண்டோசில் முதலில் கிராபிக்ஸ் அட்டைக்குரிய டிரைவர் மென்பொருள் நிறுவப்பட்டுள்ளதா என்று காண்க. அது இல்லாத கணினி எத்திரையையும் அறியாது. பின் 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' பட்டியலில் 1366-க்கு 768 இருப்பின் அதனையே தேர்க. இல்லையாயின் அட்டையைச் செய்த நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பலகத்தைத் திறத்தல் வேண்டும். என்விடியாவில் 'சேஞ்ச் ரெசொலூஷன்' என்பதன்கீழ் 'கஸ்டமைஸ்', அதனுள் 'கிரியேட் கஸ்டம் ரெசொலூஷன்'. இன்டெலிலும் ஏஎம்டியிலும் 'கஸ்டம் ரெசொலூஷன்' என்னும் பெயரோடு அதற்கொத்த பகுதி உண்டு. அங்கே அகலம், உயரம், வீதம் மூன்றையும் எழுதி, 'டெஸ்ட்' இருப்பின் அதனை அழுத்திப் பார்த்துப் பின்னரே காத்துக்கொள்க.

பழைய கணினிகளில் உயிர்ப்போடு இயங்குவதென்று பலரும் விரும்பும் லினக்சில், எக்ஸ் என்னுங் காட்சியமைப்பு உள்ளவிடத்து, 'எக்ஸ்ராண்டர்' என்னுங் கட்டளை இப்பணியைச் செய்யும். 'நியூமோட்' என்பதனால் மேற்சொன்ன எண்களை ஒரு பெயரிட்டுக் கொடுத்தல். 'ஆட்மோட்' என்பதனால் அப்பெயரைத் திரையோடு சேர்த்தல். பின் அதனைத் தேர்தல். கொடுக்கவேண்டிய எண்வரிசை இது: 85.50, 1366, 1436, 1579, 1792, 768, 771, 774, 798. முதலெண் வேகம். அடுத்த நான்கும் வரியின் முடிவு, முன்திண்ணையின் முடிவு, அறிவிப்பின் முடிவு, பின்திண்ணையின் முடிவு. கடைசி நான்கும் அவ்வாறே மேல்கீழாக. 'சிவிடி' என்னும் கணக்கு மென்பொருள் தரும் வரிசையைக் கண்மூடிப் பயன்படுத்தின் முன்சொன்ன 1368 வந்து புகும். இவ்வாறு கொடுத்தது கணினியை நிறுத்தி மீளத் தொடங்கியதும் மறைந்துவிடும். பரிசோதிப்போர்க்கு இஃது ஒரு காப்பு. சரியென்று கண்டபின் தொடக்கக் கோப்பில் எழுதி நிலைபெறச் செய்தல் வேண்டும்.

2022-ஆம் ஆண்டில் ஒரு டொலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவை அண்மித்தபோது, புதிய திரை வாங்குதல் தோட்டப் பாடசாலைக்கு எட்டாத கனியாயிற்று. பழுதென்று களஞ்சிய அறையில் அடுக்கப்பட்ட திரைகளை அந்நாளில் வெளியே எடுத்துப் பார்த்திருப்பின் அவற்றுட் சில வெறும் வடக்குறையுடையனவாக இருந்திருக்கும். கணினியை அன்பளிப்பாகக் கொடுக்கும் பழைய மாணவர், பெட்டியோடு அதற்குரிய வடத்தையும் சேர்த்துக் கட்டி அனுப்புதல் பேருதவியாகும். வடம் இருநூறு முந்நூறு கிராம் எடைதான். ஆயினும் பெட்டியைக் கட்டும்போது பலரும் மறந்து விடுவது அதுவே.

அமைத்து முடிந்ததைச் சோதித்தற்குத் தனிக்கருவி வேண்டியதில்லை. 'எண்ணென்ப', 'பல்', 'பல', 'எடு', 'ஏடு', 'கண்ணன்' முதலிய சொற்களைப் பன்னிரண்டு புள்ளியளவான எழுத்தில் ஒரு பக்கம் நிரம்பத் தட்டச்சிட்டு, திரையின் இடக்கோடியிலும் நடுவிலும் வலக்கோடியிலும் உள்ள புள்ளிகள் ஒரேயளவு கருமையோடு நிற்கின்றனவா என்று கடைசி வாங்கிலிருக்கும் மாணவனை விட்டே பார்க்கச் செய்யலாம். அவை அவ்வாறு நின்றபின் 1366, 768, 60 என்னும் மூன்றெண்ணையும், அவற்றின் கீழே அந்த ஒன்பது எண்ணின் வரிசையையும் ஒரு தாளில் எழுதித் திரையின் பின்புறத்தில் ஒட்டிவிடுவது வழக்கமாயின், அடுத்த ஆண்டு கணினிப் பெட்டியை மாற்றும் ஆசிரியர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.